ஜோ ஸ்ட்ரம்மர் பிறந்தநாளுக்கு ஒரு ஜாடி கஸ்பாச்சோ

"மனதில் பட்டதை மறைக்காமல் பேசிய ராக் இசைக்கலைஞர் ஒருவரின் பிறந்தநாளை, அவருக்குப் பொருத்தமான சாப்பாடு ஒன்றைச் செய்து கொண்டாட வேண்டும் என்றால் யாருக்கு, என்ன செய்வீர்கள்?" என்பது கேள்வி.

வருடா வருடம் செய்துகொண்டிருப்பதையே சொல்கிறேன். ஆகஸ்ட் 21 ஜோ ஸ்ட்ரம்மரின் பிறந்தநாள். லண்டனில் எங்கள் வீட்டில் அன்று கஸ்பாச்சோ. பச்சைத் தக்காளிக்காயில் செய்வதல்ல. நன்றாகப் பழுத்த தக்காளியை அடுப்பில் ஏற்றாமல் அப்படியே அரைத்து, ஜில்லென்று குடிக்கிற ஸ்பெயின் நாட்டு சூப்.

ஸ்ட்ரம்மரைத் தெரியாதவர்களுக்கு: 1976இல் லண்டனில் உருவான 'தி கிளாஷ்' என்ற பங்க் ராக் இசைக்குழுவின் பாடகர், பாட்டு எழுதியவர். இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். 1952இல் அவர் பிறந்தது துருக்கியின் அங்காராவில். அப்பாவுக்கு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை. "அப்படியானால் துருக்கிச் சாப்பாடுதானே சரி?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. அப்பாவின் வேலை மாற மாற, கெய்ரோ, மெக்சிகோ சிட்டி, பான் என்று குடும்பமும் மாறிக்கொண்டே இருந்தது. அங்காரா, குழந்தையாக இருந்தபோதே விட்டு வந்த ஊர். வளர்ந்தபின் அவராகத் தேடிப் போன ஊர் கிரனடா. அதனால்தான் தெற்கு ஸ்பெயின் சாப்பாடு.

அந்தத் தேடலுக்குக் காரணம் ஒரு கவிஞர். 1979இல் வந்த 'லண்டன் காலிங்' இசைத்தட்டில் 'ஸ்பானிஷ் பாம்ஸ்' என்ற பாட்டு இருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரையும், அதில் கொல்லப்பட்ட கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்காவையும் நினைத்துப் பாடியது. அரசுக்கு எதிராகக் கிளம்பிய ராணுவத் தளபதி பிராங்கோவின் தரப்பினர் லோர்காவைக் கிரனடாவுக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டது 1936 ஆகஸ்டில். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கிளாஷ் உடைந்துகொண்டிருந்த 80களின் நடுவில் ஸ்ட்ரம்மர் கிரனடாவுக்குப் போய், லோர்காவின் புதைகுழியைத் தேடி வீஸ்நார் மலைப்பக்கம் அலைந்திருக்கிறார். '091' என்ற உள்ளூர் ராக் குழுவோடு பழகி, 1986இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டைத் தயாரித்தும் கொடுத்தார். ஊரும் அவரை மறக்கவில்லை. 2013இல் ஒரு சிறு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கே சுவரில் அவருடைய படமும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். கஸ்பாச்சோ ஏழைகளின் சாப்பாடு. தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் கூலிக்கு வயல்வேலை செய்தவர்கள் காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், உப்பு, தண்ணீர் இவற்றை இடித்துக் கரைத்துக் குடித்தார்கள். நம் பழைய சோறு போல, வெயிலுக்குத் தெம்பு. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்து, அதற்கும் பிறகுதான் இதில் சேர்ந்தன.

ஸ்ட்ரம்மர் மேடையில் பேசியதோடு நிறுத்தியவர் அல்ல. 'லண்டன் காலிங்' இரட்டை இசைத்தட்டு. ஒற்றைத் தட்டின் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றது. அடுத்த வருடம் வந்த 'சாந்தினிஸ்தா!' மூன்று தட்டுகள். அதையும் மலிவாகக் கொடுப்பதற்காக, பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளுக்கு ராயல்டி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். கையில் காசு குறைவாக இருக்கிற பையனும் வாங்கிக் கேட்க வேண்டும் என்று நினைத்தவருக்கு, ஆளுயர கிடார் கேக்கை ஆர்டர் செய்து வெட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம் வரக் காரணம் 1978 ஏப்ரல் 30. நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி கிழக்கு லண்டனில் தலைதூக்கியிருந்த நேரம். அதை எதிர்த்து டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெரிய ஊர்வலம் போனது. பூங்கா மேடையில் கிளாஷ் பாடியது. அடுத்த வாரமே, மே 4 அன்று, அல்தாப் அலி என்ற வங்கதேசத்துத் தையல் தொழிலாளியை வைட்சேப்பலில் குத்திக் கொன்றார்கள். நிலைமை அப்படி இருந்த ஊரில், எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நன்றி எனக்கு உண்டு.

கடைசி வரை அப்படித்தான் இருந்தார். 2002 நவம்பர் 15, லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில், வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த தீயணைப்பு வீரர்களுக்காக நிதி திரட்டப் பாடினார். கிளாஷில் கூட கிடார் வாசித்த பழைய நண்பர் மிக் ஜோன்ஸ் பார்வையாளர்களிடையே இருந்தவர், தானாகவே மேடை ஏறி சேர்ந்து வாசித்தார். அடுத்த மாதம் 22ஆம் தேதி, பிறவியிலேயே இருந்து கண்டுபிடிக்கப்படாத இதயக் கோளாறால் ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். வயது 50.

சரி, செய்முறை. ஆறு பேருக்கு நன்கு கனிந்த தக்காளி 1 கிலோ. குளிர்பதனப் பெட்டியில் வைத்த தக்காளி வேண்டாம், வாசனையே இருக்காது. ஒரு பச்சைக் குடைமிளகாய், தோல் சீவிய அரை வெள்ளரிக்காய், நடுவில் இருக்கும் முளையை எடுத்துவிட்ட ஒரு பல் பூண்டு. முதல் நாள் ரொட்டி இரண்டு துண்டை ஓரம் நீக்கி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் உப்புப் போட்டு மிக்ஸியில் நைசாக அரையுங்கள். அப்புறம்தான் எண்ணெய். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே 80 மில்லி ஆலிவ் எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும். சிவப்பாக இருந்தது கண்ணெதிரே வெளுத்து ஆரஞ்சு நிறத்துக்கு வரும், ஜாரின் பக்கங்களில் வழவழப்பாக ஒட்டும். எண்ணெய் சரியாகச் சேர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். மொத்தமாகக் கொட்டினால் இந்தப் பதம் கிடைக்காது. வடிகட்டி, குறைந்தது மூன்று மணி நேரம் குளிரவையுங்கள்.

ஸ்ட்ரம்மர் 1971 முதல் இறைச்சி சாப்பிடாதவர். அதனால் மேலே தூவ ஹாம் என்கிற பன்றி இறைச்சி கிடையாது, பொடியாக நறுக்கிய வெள்ளரியும் வறுத்த ரொட்டித் துண்டும் போதும். எங்கள் வீட்டில் கிண்ணம், கரண்டி எல்லாம் வைப்பதில்லை. பெரிய ஜாடியிலிருந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது, யார் வந்தாலும் ஒரு டம்ளர். கூட்டம் அதிகமானால் இன்னும் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் சேர்த்து அரைத்தால் ஆயிற்று. ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், உருகி நீர்த்துவிடும்.

வினிகர், ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயினிலிருந்து செய்யும் ஷெர்ரி வினிகராக இருந்தால் நல்லது. இரண்டு மேசைக்கரண்டி என்று கணக்கு. அரைக்கும்போது ஒன்று, குளிர்ந்தபின் ருசி பார்த்து இன்னொன்று. உப்பையும் அப்போதே மறுபடி பாருங்கள், குளிர்ந்தால் உப்பு மந்தமாகத்தான் தெரியும்.