பேக்கரிக்கு ஆப் செய்ய நேட்டிவா, ஃப்ளட்டரா?

கேள்வி: பெரம்பூரில் இரண்டு கிளை உள்ள பேக்கரிக்கு ஆப் செய்யப் போகிறோம். ஒருவர் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக நேட்டிவில் எழுதச் சொல்கிறார். இன்னொருவர் ஃப்ளட்டரில் ஒரே தடவை எழுதினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரையும் ஒரு வாரம் காக்க வையுங்கள். காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வீடுகளுக்குக் கொடுக்கிற தொழில் எனக்கு. ஆப் விஷயத்தில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் ஆப்பை ஒரு கம்பெனியிடம் கொடுத்தேன். ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியில் ஒன்று, ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியில் ஒன்று என்று நேட்டிவாக இரண்டு தனி ஆப்கள். சின்ன மாற்றம் சொன்னாலும் இரண்டு இடத்தில் வேலை, இரண்டு பில். என் வாடிக்கையாளர்களில் ஐபோன் வைத்திருந்தவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்களைத் தாண்டாது. அதை முன்னாடியே எண்ணியிருக்கலாம், எண்ணவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு வேறு. மீன் விலை விடியற்காலை ஏலம் முடிந்தால்தான் தெரியும். ஒரு கிலோ வஞ்சிரம் கேட்டவருக்குத் தலை, குடல் போக எவ்வளவு நிற்கும் என்பது வெட்டினால்தான் தெரியும். ஆப்போ சோப்பு விற்கிற கடைக்குச் செய்ததுபோல, முதலிலேயே விலை போட்டுப் பணத்தையும் வாங்கிவிடும். தினமும் நான்கு பேரிடம் சண்டை.

ஆட்களும் நிற்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு அக்கா, நான்கு வருட வாடிக்கை, முகத்துக்கு நேராகவே சொன்னார்: "தம்பி, போன்ல எடமில்ல, உன் ஆப்பத்தான் முதல்ல தூக்குனேன். நீ வாட்ஸ்அப்ல மீன் போட்டோ போடு, நான் சொல்றேன்." நியாயம்தான். வாரத்துக்கு ஒருநாள் மீன் வாங்குபவர் அதற்கென்று ஒரு ஆப் எதற்கு வைத்திருக்க வேண்டும்? அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்புறம் புரட்டாசி, அப்புறம் சபரிமலை மாலை. சில மாதம் திறக்காத ஆப்பை ஆண்ட்ராய்டு 12-ம் அதற்குப் பிந்தையதும் உள்ள போன்கள் தாமாகவே தூங்கவைத்துவிடும். நீங்கள் அனுப்பும் நோட்டிஃபிகேஷன் போய்ச் சேராது.

கடைசி அடி கணக்கில் விழுந்தது. ப்ளே ஸ்டோரில் ஆப்பை அந்தக் கம்பெனி தன் கணக்கிலேயே போட்டிருந்தது. கூகுள் வருடாவருடம் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்லும். மாற்றாமல் விட்டால் சில காலத்தில் புது போன்களில் தேடினாலும் கிடைக்காது. மாற்றச் சொல்லிப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. ஆப்பு என்று சும்மாவா சொல்கிறோம்! என் பெயரில் கணக்கு திறந்து புதிதாகப் போட்டேன். பழைய ஆப் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர்கூடப் புதிதுக்கு வரவில்லை. கூகுள் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். இந்தக் காசை நீங்களே கட்டி உங்கள் பெயரிலேயே கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். ஆப்பின் புரோகிராம் கோடும் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

இப்போது வாடிக்கையாளருக்கு ஆப்பே கிடையாது. ஒரு வெப் லிங்க், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு அன்றைய மீனும் விலையும் அதில் ஏறும், லிங்க் வாட்ஸ்அப்பில் போகும். வேண்டியதைத் தொட்டால் ஆர்டர் எனக்கு வரும், எடை போட்ட பிறகு பணம். ஐபோனிலும் அதே பக்கம்தான். அதை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால், 2023-ல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் நோட்டிஃபிகேஷன்கூடப் போகும். ஆனால் அந்தச் சேர்க்கும் வேலையைப் பத்தில் ஒருவர் செய்தால் பெரிது.

ஆப் செய்தது என் ஆட்களுக்கு. மீன் வெட்டுகிற அக்காவும் டெலிவரி பையன்கள் மூன்று பேரும் ஒரு நாளைக்கு நூறு தடவை அதைத் தொடுகிறார்கள். முதலில் இதற்கும் வெப்பே போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐஸ் ரூமுக்குள் சிக்னல் வராது. பில் அடிக்கிற சின்ன பிரிண்டரோ பழைய வகை ப்ளூடூத், பிரௌசரிலிருந்து அதைப் பிடிக்க எங்களால் முடியவில்லை. சரி என்று ஃப்ளட்டருக்குப் போனோம். எடுத்து வந்து காட்டிய முதல் நாள், அக்கா செதில் ஒட்டிய ஈரவிரலால் அழுத்துகிறார், திரை அசையவே இல்லை. புறங்கையால் தட்டினார், பக்கத்து ஆர்டர் திறந்தது. "இது உனுக்குத்தான் சரிப்படும்" என்று போனை என்னிடமே நீட்டிவிட்டார். பிறகு தராசிலிருந்து எடை தானாகவே ஏறும்படி செய்து, திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பட்டன் வைத்தோம். அதை அவர் முழங்கையாலேயே அழுத்துகிறார். இந்த ஆப்பை ஸ்டோரில் எல்லோருக்கும் திறந்து வைக்கவும் இல்லை. ப்ளே ஸ்டோரின் உள் சோதனை வழியில் 100 பேர் வரை கொடுக்கலாம், எங்களுக்கு ஐந்து பேர் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பன், பஃப்ஸ் வாங்குகிறவர் ஆப் தேடமாட்டார். பிறந்தநாள் கேக் வாங்குபவர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். அவருக்கு லிங்க் போதும். இரண்டு கிளைக்கும் நடுவே எத்தனை கேக், எந்த நேரத்துக்கு, மேலே என்ன பெயர் என்று ஓடுகிற கணக்குக்குத்தான் ஆப் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. அதற்கு ஃப்ளட்டர் தாராளம். நேட்டிவுக்குத் தனியாகக் காசு போட பேக்கரியில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வெப்சைட்டையே ஒரு உறைக்குள் போட்டு ஆப் என்று தருகிறேன் என யாராவது வந்தால், ஆப்பிள் அப்படிப்பட்டதைத் திருப்பி அனுப்பக்கூடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கேக் ஆர்டரை கவுண்டரில் யாரோ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார் இல்லையா, அந்த நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இரண்டு டெவலப்பருக்கும் அனுப்புங்கள். அடித்துத் திருத்திய இடங்களைப் பற்றி யார் கேள்வி கேட்கிறாரோ, அவரிடம் பேச்சைத் தொடங்கலாம்.