எதிரில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்ததிலிருந்து அவருடைய படங்களைத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. 400 படங்களுக்கு மேல் நடித்தவருக்குத் தேசிய அளவில் பெரிய அங்கீகாரம் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப ஐயர் வேடங்களையே கொடுத்தார்கள். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் வந்துபோனார். கதாநாயகனாகப் பத்துப் படங்களாவது நடித்திருக்க வேண்டிய ஒருவரைத் தமிழ் சினிமா வீணடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். நாடகத்தைப் பற்றி எழுதுபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்: ஒரு குணச்சித்திர நடிகரின் வாழ்க்கை வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் டெல்லி கணேஷ் நடித்த ‘பாயசம்’ படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு அந்த முகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் ஆற்றாமை அன்பிலிருந்து வருவது எனக்குத் தெரியும். ஒரு நடிகர் இறந்தபின் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கிற மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ‘வீணடித்துவிட்டது’ என்கிற தீர்ப்பு, அந்த மனிதர் 1977-இலிருந்து இறக்கும்வரை செய்த வேலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பார்க்க மறுக்கிற தீர்ப்பு.

விருதுப் பேச்சை விட்டுவிடுவோம். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கலைமாமணியும் அவருக்குக் கிடைத்தன. அவை போதுமா போதாதா என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஐயர் வேடம் என்கிற குறையும் அப்படித்தான். ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கரின் கூட்டத்திலேயே உழலும் ஐயர், ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் பாலக்காட்டுச் சமையற்காரர், ‘அவ்வை சண்முகி’ (1996) படத்தின் சேதுராம ஐயர் ஆகிய மூவரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பூணூலைத் தவிர அவர்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. பேச்சு வேறு, நடை வேறு, பயம் வேறு. வேடத்தின் சாதியைப் பார்த்துவிட்டு மனிதரைப் பார்க்காமல் விட்டது நீங்கள்தான்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1944-இல் திருநெல்வேலிச் சீமையில், வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். தலைநகரில் இருந்த நாட்களில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் நடித்தார். படையை விட்டுச் சென்னைக்கு வந்தபின் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார். விசுவின் ‘பட்டினப்பிரவேசம்’ நாடகத்தைப் படமாக எடுத்த கே. பாலசந்தர் 1977-இல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்து, ‘டெல்லி’ என்கிற அடைமொழியையும் சேர்த்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 30-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் துரை இயக்கிய ‘பசி’ (1979) படத்தில் சென்னைக் குடிசைப் பகுதி ரிக்‌ஷாக்காரராக வந்தார். அந்தப் படத்துக்காக ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஷோபாவின் குப்பம்மாவை நாம் கொண்டாடுகிறோம்; கொண்டாட வேண்டும். ஆனால் அந்தப் பெண் யாருக்கு மகளாக நின்று நடித்தாள் என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அப்பன் பொய்யாக இருந்தால் அந்த வீடு பொய்யாகிவிடும். வீடு பொய்யானால், அந்த வீட்டு வறுமையிலிருந்து கிளம்பிப்போகிற பெண்ணும் வெறும் நடிகையாகத்தான் நமக்குத் தெரிவாள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். குணச்சித்திர நடிகரின் முதல் வேலை எதிரில் இருப்பவரை நம்பவைப்பது. அவர் பேசுவது இரண்டாவது வேலை. பேச்சை மட்டுமே நடிப்பென்று கொள்ளும் பழக்கம் நமக்கு மேடைக் காலத்திலிருந்தே ஊறிப்போய்விட்டது. வசனத்துக்குக் கைதட்டியவர்கள் நாம். கேட்பவரைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சித் தொடருக்குச் சில காலம் வசனம் எழுதினேன். அதில் அப்பா வேடத்தில் நடித்தவர் பழைய நாடக நடிகர். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் உடனே தெரிந்துகொள்வீர்கள். புகுந்த வீட்டை விட்டு வந்துவிட்ட மகள், இனி திரும்பிப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லும் காட்சி. மகளாக நடித்த பெண் தொழிலுக்குப் புதியவர். தொடர்களில் வழக்கமாக நடப்பதுபோல, உதவி இயக்குநர் ஓரமாக நின்று வரி வரியாகப் பிராம்ப்ட் செய்ய, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் பேசிவந்தார். அப்பாவின் குளோசப்பை முதலில் எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்தது மகளின் ஷாட், அப்பாவின் சஜஷனோடு. அதாவது கேமரா அப்பாவின் தோளுக்குப் பின்னால் இருக்கும். அவருடைய தோளும் காதும் பிடரியும் மட்டும் ஓரமாகத் தெரியும். உதவி இயக்குநர் மரியாதையாகவே சொன்னார்: “ஐயா, நீங்க போய் உட்காருங்க. சட்டையைக் கழட்டிக் கொடுத்தாப் போதும், வேற ஆளை நிறுத்திக்கிறோம்.” பெரியவர் தலையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டு, காலையிலிருந்து நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்தப் பெண் பேசத் தொடங்கினார். நான் மானிட்டருக்குப் பக்கத்தில் இல்லாமல் தற்செயலாகப் பெண்ணுக்குப் பின்பக்கச் சுவரோரம், கேமராவில் விழாதபடி ஒதுங்கி நின்றிருந்தேன். அதனால் பெரியவரின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் அழவில்லை. மகள் சொன்ன முதல் வரிக்கு, ஏற்கெனவே அவருக்குத் தெரிந்த செய்திதான் என்பதுபோலக் கண்களைத் தாழ்த்தினார். இரண்டாவது வரிக்கு, ஏதாவது சொல்லப்போவதுபோல வாய் திறந்து மூடியது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடித்தபின்னும் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். இதில் எதையும் கேமரா பார்க்கவில்லை. பார்த்தது அந்தப் பெண் மட்டும்தான். பிராம்ப்டர் அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது; வசனம் பாதியில் நின்றது; இயக்குநர் கட் சொல்லவில்லை. ஒளிபரப்பானபோது பலரும் அந்தப் பெண்ணின் நடிப்பைப் பாராட்டினார்கள். பாராட்டு அவருக்கு உரியதுதான். ஆனால் அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் பேசுபவரைவிடக் கேட்பவரையே என் கண் தேடிப்போகிறது.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் டெல்லி கணேஷ் பிரம்மாண்டமாகத் தெரிவார். ‘சிந்து பைரவி’யை (1985) எடுத்துக்கொள்ளுங்கள். சிவகுமார் நடித்த பாடகருக்கு அவர் மிருதங்கம் வாசிப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர். குடித்துவிட்டு வந்த குற்றத்துக்காக அவரை விலக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்யுமளவுக்குப் பாடகர் கறாரானவர். பின்னால் அதே பாடகர் குடியில் விழுந்து மானம் இழக்கிறார். அந்த வீழ்ச்சி நமக்கு ஏன் அத்தனை வலிக்கிறது? எந்தத் தவறுக்காக ஒரு கலைஞனை மேடையிலிருந்து இறக்கினாரோ, அந்தத் தவறின் முகத்தை நாம் முன்பே பார்த்துவிட்டோம். அந்த முகத்தை நாம் வெறுக்க முடியாதபடி நடித்துவைத்திருந்தார் டெல்லி கணேஷ். கதாநாயகனின் உயரமும் பள்ளமும் அந்த மிருதங்கக்காரரை வைத்தே அளக்கப்படுகின்றன.

அடுத்து இரண்டு கல்யாணச் சமையலறைகளைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்வேன். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிரித்துத் தீராத காட்சி. சிரிப்புக்குக் காரணமாக கிரேஸி மோகனின் வசனத்தையும் கமல்ஹாசனின் பாலக்காட்டுத் தமிழையும் சொல்வோம், இரண்டும் உண்மைதான். ஆனால் மணி ஐயராக வரும் டெல்லி கணேஷ் அந்தக் காட்சியைச் சிரிப்புக் காட்சியாக நினைத்து ஒரு கணமும் நடிக்கவில்லை. கைத்தொழிலை மட்டும் நம்பி வாழும் ஒரு சமையற்காரருக்குப் பந்தியில் மானம் போனால் அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பயத்தை அவர் முழுதாக நம்பினார். அவர் பயந்ததால்தான் நாம் சிரித்தோம். அவரும் சேர்ந்து சேட்டை செய்திருந்தால் அந்த மீன் ரப்பர் மீனாகிவிட்டிருக்கும்.

31 ஆண்டுகள் கழித்து இன்னொரு கல்யாண வீடு. தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையை வசந்த் ‘நவரசா’ குறும்படத் தொகுப்புக்காகப் படமாக்கினார். 2021 ஆகஸ்டில் அது வெளியானபோது டெல்லி கணேஷுக்கு 77 வயது. அவர் நடித்த கிழவரின் அண்ணன் மகன் செழித்திருக்கிறான். தன் மகளோ விதவை. ஊரே அண்ணன் மகனைக் கொண்டாடுகிற கல்யாணத்தில், பொறாமை தாளாமல் அந்தக் கிழவர் அண்டாப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு அதில் எலி விழுந்ததாகச் சொல்கிறார். முதல் சமையலறையில் விழுந்துவிட்ட அசுத்தத்தை மறைக்கப் பதறினார். இரண்டாவதில் இல்லாத அசுத்தத்தைத் தானே உண்டாக்குகிறார். அந்தக் கிழவர் வாய்விட்டு எதையும் கொட்டித் தீர்ப்பதில்லை. கல்யாண வீட்டில் நடமாடுகிறார், பிறர் பேசுவதைக் கேட்கிறார், இறந்துபோன மனைவியிடம் மனதுக்குள் பேசுகிறார். ஊரார் அண்ணன் மகனைப் புகழும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். சம்பிரதாயத்துக்காக உதடு விரியும். கண்கள் மட்டும் அந்தச் சிரிப்போடு சேராது. வாழ்நாளெல்லாம் பிறர் பேசக் கேட்டு நின்ற ஒருவரால்தான், கேட்பதையே கதையாகக் கொண்ட ஒரு படத்தைத் தாங்க முடிந்தது. கதாநாயகனாகப் பத்துப் படங்களாவது நடிக்கவில்லையே என்று ஏங்குகிறீர்களே, அந்தப் படத்தில் அவரைத் தவிர யார் கதாநாயகன்? இளம் வயதில் கதாநாயகனாகி டூயட் பாடிக்கொண்டிருந்தால் இந்த முகம் அவருக்கு விளைந்திருக்குமா?

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. ‘வந்துபோனார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடிப்பு ஒருவருக்குப் பிழைப்பும்கூட. முதிய நடிகர்களுக்குச் சினிமாவில் வேடங்கள் குறைந்த காலத்தில், மாதத்துக்கு இத்தனை நாள் கால்ஷீட் என்கிற நிச்சயத்தைத் தந்தவை தொடர்கள்தான். நாடகத்திலிருந்து வந்த ஒரு தலைமுறையே அதனால் கௌரவமாக முதுமையைக் கழித்தது. வெளியே போக முடியாத கிழவிகளும் நோயாளிகளும் சாயங்காலத்தில் எதிர்பார்த்துக் காத்திருந்த முகங்கள் அவை. பெரிய திரைக்கு ஒரு மரியாதை, சின்னத்திரைக்கு ஒரு மரியாதை என்று அந்த நடிகர்கள் வைத்துக்கொள்ளவில்லை. நமக்கு மட்டும் அந்தக் கர்வம் எதற்கு?

வெற்றியா தோல்வியா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களிடமிருந்து வேறொன்று வேண்டும். அத்தனை படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் ஏதாவது ஒரு காட்சியை, அவருக்கு வசனமே இல்லாத காட்சியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு மூன்று நான்கு முறை பாருங்கள். பிறர் பேசும்போது அவருடைய கண்ணும் கையும் கழுத்தும் என்ன செய்கின்றன என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அனுப்புங்கள். புகழுரை வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். நன்றாக வந்தால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.