எள்ளைத் தேடுவதற்கு முன் கடலையைப் பாருங்கள்

கேள்வி: அறுகம்குடாவில் உள்ள இரண்டு விடுதிகளுக்கு வீட்டில் ஹம்மூஸ் (அவித்த கொண்டைக்கடலையை எள்ளுடன் அரைக்கும் அரபுப் பூச்சு) செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அதில் சேரும் தஹீனி என்ற எள்ளு விழுதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கச்சானோ (நிலக்கடலை) வேறு ஏதுமோ பதிலாகப் போடலாமா? கடலைக்குப் பதில் வேறு பயறுகள் சரிவருமா? எவ்வளவு அரைத்தாலும் திரிதிரியாகவே இருக்கிறது. இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது. கெடாமல் வைக்க ஒரு பவுடர் உண்டு என்று ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? (கோமாரி வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி: அந்தப் பவுடரை வாங்காதீர்கள். பயிற்சி வகுப்புகளுக்குப் பெண்கள் கொண்டுவந்து காட்டிய இப்படியான பொட்டலங்கள் சிலவற்றில் பெயரே இருக்கவில்லை. பெயர் இருந்தவற்றில் சோடியம் பென்சோயேட் என்று எழுதியிருந்தது. அது கோடியல் போன்ற நல்ல புளிப்புச் சுவையுள்ள பண்டங்களில் பயன்படும் பொருள்தான். ஆனால் தேசிக்காய் பிழிந்த ஹம்மூஸ்கூட அந்தளவுக்குப் புளிப்பானதல்ல என்பதால், அங்கே அது போதிய வேலை செய்யாது. நீங்களோ பலன் தெரியவில்லையே என்று அளவைக் கூட்டுவீர்கள். நாளை மாதிரி எடுத்துப் பரிசோதித்தால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செய்து விற்ற நீங்கள். பொட்டலம் விற்றவர் அதற்குள் வேறு ஊரில் நிற்பார்.

திரிதிரியாக வருவதற்கு அரைக்கும் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கடலை நமக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. வந்தபின் வெப்பமும் ஈரப்பதனும் உள்ள களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், எவ்வளவு நேரம் அவித்தாலும் நடுவில் ஒரு கடினம் மிஞ்சும். சில வியாபாரிகள் பழைய சரக்கைப் புதியதோடு கலந்து விற்கிறார்கள்; பாதி குழைந்து பாதி விறைத்து நிற்பதற்கு அதுவே காரணம். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு பிடி வாங்கி அவித்துப் பாருங்கள். கிணற்று நீர் சுண்ணாம்புத் தன்மையானதாக இருந்தாலும் கடலை மெதுமையாகாது. இரண்டுக்கும் ஓரளவு மருந்து அப்பச்சோடாதான்: 250 கிராம் கடலைக்கு அரைத் தேக்கரண்டி சோடா போட்டு ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, கழுவி, புது நீரில் கால் தேக்கரண்டி சேர்த்து, விரலால் நசித்தால் களியாகும் வரை அவியுங்கள். அதற்கு மேல் போட்டால் சவர்க்கார வாசம் வரும். தேசிக்காய்ப் புளி அவிந்த பின்னரே சேர வேண்டும். முன்பே விட்டால் கடலை விறைத்துக்கொள்ளும்.

இனி எள்ளு. அரபியில் ஹம்மூஸ் என்றால் கடலை என்பதே பொருள். நாம் தின்னும் பண்டத்தின் முழுப்பெயர் தஹீனி சேர்த்த கடலை என்று வரும். ஆகவே எள்ளை முற்றாக விட்டுவிட்டு அதே பெயரில் விற்பது எனக்கு உடன்பாடில்லை. கடலைப் பூச்சு என்று சொல்லி விற்கலாம். ஆனால் தஹீனியைப் போத்தலில் வாங்க வேண்டிய தேவை என்ன? தோல் நீக்கிய வெள்ளை எள்ளு 150 கிராமை மெல்லிய நெருப்பில் வாசம் எழும் வரை மாத்திரம் வறுத்து, ஆறவிட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயுடன் களியாக அரைத்தால் 250 கிராம் கடலைக்குத் தாராளமாகப் போதும். சிவக்க விட்டால் கைக்கும்; தோலோடு கூடிய கறுப்பு எள்ளும் கைக்கும். லேபலும் திகதியும் இல்லாத போத்தல்களில் மறுபடி நிரப்பி விற்கப்படும் தஹீனியில் கச்சான் கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. நீங்களே கச்சான் போடுவதென்றால் போடலாம். பூஞ்சணம் பிடித்த ஒரு கொட்டைகூட உள்ளே போகக்கூடாது, விடுதிக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும், ஏனென்றால் கச்சான் ஒவ்வாமை உள்ள பயணி ஒருவருக்கு ஒரு கரண்டியே உயிராபத்தாகலாம். என் விருப்பம் நம் எருமைத் தயிர். துணியில் கட்டி நீரை வடித்துவிட்டுப் பாதி எள்ளுக்குப் பதிலாகச் சேர்த்தால் அந்த வழுவழுப்பு வேறெதிலும் வராது. அன்றன்றே தீரும் அளவுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

கடலைக்குப் பதிலாக அம்பாறையில் விளையும் கௌபியோ பாசிப்பயறோ தாராளமாகப் போடலாம். நிறம் மங்கும், சுவை குறையாது. சிவப்பு ராஜ்மா விதை மட்டும் வேறு கதை, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். அதிலுள்ள ஒருவகை நஞ்சு அரைவேக்காட்டில் அழியாது. கொதிநிலைக்குக் கீழே, உதாரணமாக 80 பாகையில் நெடுநேரம் வைத்தால் பச்சை விதையை விடவும் மோசமாகலாம். நாலைந்து பச்சை விதைகளே ஓரிரு மணித்தியாலங்களில் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரப் போதும். அடுப்புத் தணலில் பானையை ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போகும் வழக்கம் இங்கே செல்லாது. குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டு, புது நீரில் தளதளவென்று 10 நிமிடம் கொதிக்கவைத்து, அதன் பின்பே மெல்ல வேகவிடுங்கள். ராஜ்மாவை வாயில் போட்டு வெந்ததா என்று பார்ப்பது, அந்தக் கொதி முடிந்த பிறகு மட்டும்.

புளிப்பதற்குக் காரணம் கச்சான் காற்று எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களின் வெப்பம். பயணிகள் வருவதும் அதே மாதங்களில்தான். இரவு முழுவதும் மேசையில் ஊறிய கடலையில் நுரை கட்டியிருந்தால் அது அங்கேயே புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஊறவையுங்கள். அவித்ததை இரவு அடுப்படியில் விட்டுவிட்டுக் காலையில் அரைப்பதை நிறுத்துங்கள். கொதியையும் தாங்கி உயிர்தப்பும் கிருமிகளுக்கு அந்த இளஞ்சூடே போதும். அரைக்கும்போது ஐஸ் நீர் விட்டால் பூச்சு வெளுத்து மிருதுவாகும். 5 பாகைக்குக் கீழே வைத்தால் மூன்று நாள், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரும் உங்களிடம் வருவார். ஒரே கேள்வியோடு மூன்று அலுவலக மேசைகளுக்குப் போய், மூன்றாவது மேசையிலிருந்து முதலாவதுக்கே திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அந்த அலைச்சலில்தான் தரகர் பிழைக்கிறார். வீட்டில் செய்து விற்கும் பெண்ணுக்கு என்ன தேவை என்பதை ஒரே தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட இவ்வளவு காலம் பிடிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பிரதேச சபைக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நீங்களே நேரில் போங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

விடுதிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் செய்த திகதியை எழுதி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். மீதியாகத் திரும்பி வருவதைப் புதிய கலவையில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள்.