மானியம் வண்டிக்கு மட்டும்தானா?

கேள்வி: மின்சார ஸ்கூட்டருக்கும் காருக்கும் அரசு மானியமும் வரிச்சலுகையும் அளித்து வருகிறது. எல்லோரும் அவற்றுக்கு மாறிவிட்டால் போக்குவரத்தால் வரும் மாசு ஒழிந்துவிடாதா?
– வாசகர், திருச்சி

பதில்: தெருவில் புகை குறையும், அதில் ஐயமில்லை. மத்திய அரசு 2019-இல், மின்வாகனங்களுக்கு மானியம் தந்த ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கியதும், அதே ஆண்டில் மின்வாகனங்களுக்கான ஜிஎஸ்டியை 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்ததும் வரவேற்க வேண்டிய முடிவுகளே. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. டயர் தேய்ந்து எழும் துகளும் சாலைப் புழுதியும் மின்வண்டியாலும் உண்டாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் கார் அடைத்துக்கொண்ட அதே இடத்தை மின்சாரக் காரும் அடைத்துக்கொள்கிறது. சாலையில் இடம் ஒதுக்கும்போது வாகனங்களைவிட மனிதர்களையே முதன்மையாகக் கருத வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. அந்த வரியை நாம் உண்மையாகவே ஏற்றுக்கொண்டோமானால், ஒருவர் தனியாகச் செல்லும் காருக்குக் கொடுக்கும் சலுகையைக் காட்டிலும் ஐம்பது பேர் செல்லும் பேருந்துக்குக் கொடுக்கும் பணமே முதலில் வர வேண்டும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதை, தனியார் கார்களுக்கான எந்தச் சலுகையையும்விட முக்கியமான செய்தியாக நான் கருதுகிறேன். திருச்சிக்கும் அது வேண்டும்.

கேள்வி: தாழ்தளப் பேருந்துகள் வந்த பிறகும் என் தாயார் ஆட்டோவில்தான் போய்வருகிறார். குறை எங்கே இருக்கிறது?
– வாசகி, சென்னை

பதில்: வீட்டு வாசலுக்கும் பேருந்துப் படிக்கும் இடையிலுள்ள வழியில் இருக்கிறது. இந்தப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளப் பலகையும் உண்டு. ஆனால் நடைபாதையின் விளிம்பை ஒட்டி நின்றால்தான் இவற்றால் முழுப் பயன் கிடைக்கும். நிறுத்தத்தின் முன்னால் இரண்டு ஆட்டோக்களும் ஒரு சரக்கு வேனும் நின்றுவிட்டால் ஓட்டுநர் நடுச்சாலையிலேயே நிறுத்த நேர்கிறது. மூட்டுவலியுள்ள ஒருவர் உயரமான நடைபாதையிலிருந்து பிடிமானமின்றி இறங்கி, மழைநீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, இடப்பக்கம் நுழையும் பைக்குகளுக்கு ஒதுங்கி நின்று, அதன் பிறகே படியை எட்ட வேண்டியிருக்கிறது. இத்தனை துன்பத்துக்கு அஞ்சி உங்கள் தாயார் ஆட்டோவை அழைப்பதில் வியப்பில்லை.

இதற்கான கொள்கை நம்மிடம் இல்லாமலில்லை. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்குமான வசதிகளுக்குப் போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே, இந்திய நகரங்களுக்கு முன்னோடியாக, கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில் முதியவர்கள் அச்சமின்றி நடந்து செல்வதைப் பார்க்கும்போது, பணமும் மனமும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பது விளங்குகிறது. அந்த வசதி கடைவீதியோடு நின்றுவிடாமல், உங்கள் தாயார் நாள்தோறும் காத்திருக்கும் நிறுத்தத்துக்கும் வர வேண்டும். 60 விழுக்காட்டில் உங்கள் வார்டுக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் கேளுங்கள்; பதில் கிடைத்ததும் எங்களுக்கும் எழுதுங்கள்.