ஈயக் குண்டுக்கு கேஸ் செக் மாட்டுவது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் இருந்துகொண்டு, வீட்டிலேயே ஈயம் உருக்கித் தங்கள் ரைஃபிளுக்குக் குண்டு வார்க்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே கேஸ் செக்கைச் சுற்றியவை. குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செம்புக் கிண்ணம்தான் கேஸ் செக். வெடிமருந்து எரிந்து வரும் சூடான வாயு ஈயத்தின் அடியை அரித்துவிடாமல் அது காக்கிறது.

கேள்வி: 30-30 வகைத் தோட்டா சுடும் என் ரைஃபிளின் குழலில் ஈயம் படிகிறது. கேஸ் செக் போட்டும் நிற்கவில்லை. தரமில்லாத செக் வாங்கிவிட்டேனா?

செக்கைச் சந்தேகிக்கும் முன் குண்டின் அளவைப் பாருங்கள். குழல் வழியாக ஒரு மென்மையான ஈயத் துண்டைத் தட்டி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளத்தின் விட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குண்டு அதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். பள்ளம் 0.308 என்றால் குண்டு 0.309 அல்லது 0.310. குண்டு சிறியதாக இருந்தால் வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். அங்கே எந்த செக்கும் காப்பாற்றாது. நம்மில் பலர் செக்கை எல்லாச் சிக்கலுக்கும் தீர்வாக நினைக்கிறோம். சரியான அளவுள்ள குண்டை வேகமாக ஓட்டத்தான் அது உதவும்.

கேள்வி: செக் கோணலாக உட்காருகிறது. சைஸ் செய்த (டை என்னும் துளைக் கருவிக்குள் தள்ளிச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவந்த) பிறகும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இதுதான் அதிகம் பேருக்கு வரும் சிக்கல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் செக் இல்லாத குண்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ப்ரூ பிளேட் (அச்சின் மேல் இருந்து மிச்ச ஈயத்தை வெட்டும் தகடு) தளர்ந்திருந்தாலோ, ஈயம் இறுகும் முன்பே வெட்டினாலோ, நடுவில் ஒரு குமிழோ ஓரத்தில் மெல்லிய ஈயச் செதிலோ நிற்கும். அதன் மேல் செக்கை எவ்வளவு அழுத்தினாலும் அடி தொடாது. பிளேட்டை இறுக்குங்கள், மேலே ஊற்றிய ஈயம் உறைந்து மங்கும்வரை காத்திருந்து வெட்டுங்கள். அடி மோசமான குண்டைத் தயங்காமல் மீண்டும் பானையில் போடுங்கள்.

அடுத்து, குண்டின் அடியில் செக் மாட்டும் ஒடுங்கிய படியின் விட்டம். 30 காலிபர் அச்சுகளில் இது பெரும்பாலும் 0.285 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சில அச்சுகளில் அதைவிடப் பெரிதாக விழும். அப்போது செக் பாதியில் சிக்கிக்கொள்ளும். சுத்தியலால் தட்ட வேண்டாம், ஈயம்தான் நசுங்கும். செக்கின் வாயைச் சற்று விரிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. கூம்பு முனையுள்ள உருண்டைக் கம்பியாலும் செய்யலாம்.

லீ நிறுவனத்தின் புஷ்-த்ரூ டை (குண்டை ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் எடுக்கும் வகை) வைத்திருப்பவர்கள் செக்கை விரலால் மாட்டி, தட்டையான இடத்தில் அழுத்தி, குண்டு நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே தள்ளும் கம்பியின் மேல் வையுங்கள். லைமன், ஆர்சிபிஎஸ் போன்ற நிறுவனங்களின், மசகும் இட்டு சைஸும் செய்யும் கருவிகளில் செக் முழுமையாக அடியைத் தொட்ட பின்தான் குண்டு டைக்குள் போக வேண்டும். பாதி ஏறிய செக்கை டை அப்படியே இறுக்கிவிட்டால் அப்புறம் சரிசெய்ய முடியாது.

கடைசியில் ஒரு சோதனை: விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். ஈயத்துக்கும் செம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தக் குண்டு தேறாது.

கேள்வி: நகத்தால் நெம்பினாலே செக் கழன்று வருகிறதே?

ஹார்னடி நிறுவனத்தின் செக்கின் வாய் விளிம்பு தடித்திருக்கும். டை அழுத்தும்போது அது ஈயத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வவில்லை என்றால் படி சிறியதாக இருக்கலாம், இல்லையேல் செக் கடினமாக இருந்து அழுத்திய பின் மறுபடி விரிந்துகொள்ளலாம். இரண்டாவதற்கு, செம்பு செக்குகளை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகிவிடும். அலுமினிய செக்கை இப்படிச் செய்ய வேண்டாம், அது 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

கழலும் செக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பாதி வழியில் குழலிலேயே தங்கிவிட்டால் அடுத்த குண்டுக்கு அடைப்பு.

கேள்வி: தோட்டாக் கூட்டின் கழுத்தைத் தாண்டி செக் உள்ளே போகலாமா?

கூடாது என்பதே என் கருத்து. 308 வின்செஸ்டர் தோட்டாக் கூட்டின் கழுத்து ஏறக்குறைய 0.3 அங்குலம்தான், நீளமான குண்டு எளிதில் தாண்டிவிடும். அங்கே செக்கைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கழுத்துக்குள் நிற்கும் குண்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டின் வாயையும் லேசாக விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குண்டை இறக்கும்போது ஈயம் சீவப்படும்.

கேள்வி: பவுடர் கோட்டிங் (குண்டின் மேல் பூச்சுப் பொடி தூவிச் சுட்டு இறுக்குவது) முதலிலா, செக் முதலிலா?

நான் கோட்டிங்கை முதலில் செய்யச் சொல்வேன். சுமார் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட்டு, ஆறியதும் செக் மாட்டி சைஸ் செய்யுங்கள். பூச்சு படியையும் தடிக்கச் செய்யும், அதனால் ஒரே மெல்லிய பூச்சு போதும். அதற்கும் செக் ஏறவில்லை என்றால் செக் மாட்டி சைஸ் செய்துவிட்டுப் பூசி, மறுபடி சைஸ் செய்யலாம். சமையல் அடுப்பில் வேண்டவே வேண்டாம், தனி அடுப்பு வையுங்கள்.

கேள்வி: தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டுக்கு எப்போது மாட்டுவது?

அன்றே. ஆன்டிமனி கலந்த ஈயம் நாளாக நாளாக இறுகும். இறுகிய பின் டைக்குள் தள்ளினால் மேற்பரப்பு மறுபடி மென்மையாகும், கையும் வலிக்கும். வாளியை உருக்கும் பானையிலிருந்து தள்ளியே வையுங்கள். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் போனாலும் நீராவியாகி ஈயத்தை வாரி இறைக்கும்.

கேள்வி: 38 ஸ்பெஷல் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் செக் தேவையா?

வேண்டாம். அந்த வேகத்துக்குத் தட்டையான அடியே போதும்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கவனமாக இருக்க வேண்டும். வார்க்கும் வெப்பத்தில் ஈய ஆவியைவிட, மேலே வழித்தெடுக்கும் சாம்பல் தூசிதான் பெரிய ஆபத்து. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில் வைத்து வார்த்தெடுங்கள். வார்க்கும்போது போட்டிருந்த சட்டையையும் செருப்பையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், தனியாகத் துவையுங்கள். பக்கத்தில் டீக் குவளைகூட வேண்டாம். குழந்தைக்கும் உங்களுக்கும் ரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்திருக்கிறது.

கேள்வி: ஊருக்குத் திரும்பினால் அங்கேயும் செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெடிமருந்துத் தோட்டா தயாரிப்பது குற்றம். கருவிகளை எடுத்துப் போகவும் நினைக்காதீர்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறேன். இந்தக் குண்டால் மான் வேட்டைக்குப் போகலாமா?

முடியாது. 2019 ஜூலை 1 முதல் அங்கே துப்பாக்கியால் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயம் இல்லாத குண்டுதான். இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அந்தச் சுடுதளத்தின் விதியைக் கேட்டுவிட்டுப் போங்கள், சில தளங்களில் ஈயத்தை அனுமதிப்பதில்லை.