ஒரே சேர், ஒரே டாக்டர்: வாசகர் கேள்விகள்

போன இதழில், திருச்சியில் 14 வருடமாகத் தனியாளாக ரூட் கெனால் கிளினிக், அதாவது பல் வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் கிளினிக், நடத்துவதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி இளம் பல் டாக்டர்கள், கொஞ்சம் அவர்களுடைய அம்மாக்கள், மீதி பல்வலிக்காரர்கள். பல்வலிக்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பத்திரிகையில் பதில் வருவதற்குள் முகம் வீங்கிவிடும், பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் இன்றைக்கே போங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

மகள் ரூட் கெனால் பிரிவில் எம்.டி.எஸ். முடித்துவிட்டாள். நகையை அடகு வைத்துச் சொந்தக் கிளினிக் போட்டுத் தரலாமா, வேலைக்கு அனுப்பலாமா? (ஒரு தாய், புதுக்கோட்டை)

நகை இரண்டு வருடம் பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. பி.டி.எஸ். ஐந்து, எம்.டி.எஸ். மூன்று, ஆக எட்டு வருடம் படித்திருக்கிறாள். அந்த எட்டு வருடத்தில் வாடகை அட்வான்ஸ் பற்றி யாரும் ஒரு வகுப்புகூட எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு எடுக்கவில்லை. போர்டு மாட்டினால் ஆள் வரும் என்று நினைத்தேன். ரோட்டில் போகிறவருக்கு 'பல் டாக்டர்' என்றால் புரியும், ரூட் கெனால் நிபுணரைக் குறிக்கும் 'எண்டோடான்டிஸ்ட்' என்றால் ஏதோ பெரிய செலவு என்றுதான் தோன்றும். எங்களைப் போன்றவர்களுக்கு நோயாளியை அனுப்புவது இன்னொரு பல் டாக்டர். அதனால் உங்கள் மகள் முதலில் பையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து கிளினிக்குகளுக்குக் கன்சல்டன்டாகப் போகட்டும். கஷ்டமான பல் வந்தால் அவளைத் தேடி போன் அடிக்கும் டாக்டர்கள் ஒரு பத்துப் பேர் சேர்ந்த பிறகு இடம் பார்க்கலாம்.

நான் தலைகீழாகச் செய்தேன். கடன் வாங்கி மைக்ராஸ்கோப், முன்னறைக்குக் கண்ணாடித் தடுப்பு, மீன் தொட்டி எல்லாம் வாங்கினேன். முதல் மாதம் வந்தவர்கள் 11 பேர், அதில் நாலு பேர் பல் சுத்தம் செய்ய வந்தவர்கள். மைக்ராஸ்கோப் உறை போட்டபடி நின்றது, மீன்கள்தான் நன்றாக வளர்ந்தன. சேர், டிஜிட்டல் எக்ஸ்ரே, கருவிகளை நீராவியில் கிருமி நீக்க நல்ல ஆட்டோகிளேவ், வேரின் நீளம் பார்க்கும் அபெக்ஸ் லொக்கேட்டர், மோட்டார், பெரிதாகக் காட்டக் கண்ணில் மாட்டும் லூப்ஸ், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். மைக்ராஸ்கோப் நல்ல சாமான்தான், மேல்கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது கால்வாயை அது காட்டிக்கொடுப்பதுபோல எதுவும் காட்டாது, ஆனால் அதன் தவணையைக் கட்ட முதலில் மேல்கடைவாய்ப் பல்கள் வர வேண்டுமே.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, 1997ஆம் வருடத்து மருத்துவ நிறுவனச் சட்டப்படி கிளினிக் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, மருத்துவக் கழிவை எடுக்க வரும் வண்டியோடு ஒப்பந்தம். ஊசி வெள்ளை டப்பாவில், கையுறை சிவப்பில், ரத்தப் பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சளில். மீன் தொட்டி அப்புறம்.

ஐந்து கிளினிக்குகளுக்கு கன்சல்டன்டாகப் போகிறேன். மூன்று இடத்தில் பணம் பாக்கி. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். (இளம் டாக்டர், ஈரோடு)

தம்பி, கேட்காவிட்டாலும் போய்விடும், கொஞ்சம் தாமதமாக. ஒரு இடத்தில் எனக்கு ஒன்பது மாதப் பாக்கி நின்றது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் தவறாமல் வந்தது, பணம் வரவில்லை. இப்போதெல்லாம் முதல் நாளே பேசிவிடுகிறேன், ஒரு பல்லுக்கு இவ்வளவா, வசூலில் பங்கா, கால்வாயைச் சுத்தம் செய்யும் கம்பியான ஃபைல் யாருடையது, அதே பல்லைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் அதற்குப் பணம் உண்டா இல்லையா என்பது வரை. மாதக் கடைசி நாள் சாயங்காலம் தேதி, பல் நம்பர், தொகை மூன்றும் போட்டு டாக்டருக்கே வாட்ஸ்அப் போகும், ரிசப்ஷன் பெண்ணுக்கு இல்லை. இரண்டு மாதம் தாண்டினால் 'இந்த மாதம் தேதி இல்லை சார்' என்பேன். சண்டை போட்டதில்லை.

ரூட் கெனால் உங்களைப் போன்ற ஒரு டாக்டர் செய்தார். கேப் போட மட்டும் பழைய டாக்டரிடமே போகச் சொல்லிவிட்டார். ஏன் இந்த அலைச்சல்? இரண்டு பேரும் சேர்ந்து காசு பார்க்கிறார்களா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

கோபம் புரிகிறது. பஸ் ஏறி வந்து, இரண்டு மணி நேரம் வாயைத் திறந்து வைத்து, கடைசியில் 'அங்கேயே போங்க' என்றால் யாருக்கும் எரியும். ஆனால் அந்த டாக்டர் செய்தது சரி. அந்தச் சரியை நான் எட்டு மாத வருமானம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கிளினிக் திறந்த முதல் வருடம். லால்குடிப் பக்கம் ஒரு பெரியவர், பல் டாக்டர், என் அப்பா வயது, மாதம் மூன்று நாலு பேரை அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு 36ஆம் நம்பர் பல், அதாவது இடதுபக்கக் கீழ்க்கடைவாய்ப் பல். வேலை முடிந்ததும் அந்த அம்மா, "நீங்களே கேப்பும் போட்டுடுங்க மேடம், திரும்ப அங்க எதுக்கு?" என்றார். தவணை தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டேன். பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போன் செய்யவில்லை, யாரிடமும் குறை சொன்னதாகவும் தெரியவில்லை. ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அது எனக்கு உறைக்கவே எட்டு மாதம் ஆனது. ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற அதே பெரியவர் "கிளினிக் நல்லாப் போகுதாம்மா?" என்று கேட்டார். அந்த 'அம்மா'வில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் சுட்டது. அடுத்த வாரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ரசம் சாதம் போட்டு அனுப்பினார். ஆள் அனுப்ப இன்னும் ஒரு வருடம் பிடித்தது!

அதற்கப்புறம் இதில் மாற்றமே இல்லை. எந்தப் பல்லுக்கு அனுப்பினார்களோ அந்தப் பல்லோடு என் வேலை முடிந்தது. பக்கத்துப் பல்லில் சொத்தை தெரிந்தால் கடிதத்தில் எழுதுவேன், தொட மாட்டேன். கடிதம் அன்று சாயங்காலமே போய்விட வேண்டும்: எத்தனை கால்வாய், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், மேலே வைத்திருப்பது தற்காலிக ஃபில்லிங்கா நிரந்தரமா, கேப் எப்போது, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். என் கை வேலையை அந்த டாக்டர்கள் பார்க்கப்போவதில்லை, அவர்கள் கைக்கு வருவது இந்தக் கடிதமும் எக்ஸ்ரேயும்தான்.

கூட்டுக் கமிஷன் பற்றிய சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்புகிறவருக்கு இவ்வளவு என்று கவர் கொடுப்பது எங்கள் தொழிலின் நெறிமுறைப்படியே தப்பு. நடப்பதே இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் கொடுப்பதில்லை, அதனால் சிலர் அனுப்புவதும் இல்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு பேர் இரண்டு வேலை செய்கிறார்கள், இரண்டு கட்டணம். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு: அலைச்சலை நினைத்து கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்குப் பிறகு உள்ளே நிறைய இழந்து பலவீனமாக இருக்கும், ஒரு முறுக்கு போதும் இரண்டாகப் பிளக்க. வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் வழி.

வேருக்குள் ஃபைல் உடைந்துவிட்டால் நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (இளம் டாக்டர், சேலம்)

சொல்ல வேண்டும். அன்றைக்கே, அவர் சேரில் இருக்கும்போதே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, ராத்திரி ஏழரை மணி, அன்றைய கடைசி ஆள், ஒரு பஸ் டிரைவர். கீழ்க்கடைவாய்ப் பல்லின் முன்வேர், அரிவாள் மாதிரி வளைவு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் சின்னதாக ஒரு 'டிக்'. சத்தம்கூட இல்லை, விரலுக்கு மட்டும் தெரிந்தது. ஃபைலை எடுத்து ஸ்கேலில் வைத்தால் மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. எக்ஸ்ரேயில் வளைவுக்குள் ஒரு வெள்ளைக் கோடு. அசிஸ்டென்ட் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன். டிரைவர், பல்லைச் சுற்றி மாட்டிய ரப்பர் ஷீட்டுக்கு அடியில், கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

ஷீட்டைக் கழற்றி, அவரை எழுப்பி உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினேன். "அண்ணே, கால்வாயைச் சுத்தம் பண்ற கம்பி நுனி உள்ள உடைஞ்சிருச்சு. அந்தக் கம்பியால உடம்புக்குக் கெடுதல் இல்ல. அதுக்குக் கீழ சுத்தம் பண்ண முடியுதான்னுதான் பார்க்கணும்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "வண்டி ஓட்டலாமா?" உடைந்த துண்டுக்குப் பக்கவாட்டில் நழுவிப் போக முடிகிறதா என்று அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம் போராடினேன், முடிந்தது, துண்டை உள்ளே விட்டே அடைத்தேன். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. ஆறாவது மாதம் வந்தார், வேர் நுனியில் இருந்த கருப்பு நிழல் சுருங்கியிருந்தது. ஒரு வருடத்தில் வரச் சொன்னேன், வரவில்லை. நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், அது என் ஆசை, எக்ஸ்ரே இல்லை.

உடைந்ததற்குக் காரணம் வேர் மட்டும் இல்லை. அந்த ஃபைல் எத்தனையாவது பல்லில் ஓடுகிறது என்று எனக்குக் கணக்கே இல்லாமல் போயிருந்தது. ஃபைலின் நிக்கல்-டைட்டானியம் உலோகம் வளைவில் சுற்றிச் சுற்றிக் களைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. இப்போது ஒவ்வொரு ஃபைலின் டப்பியிலும் மார்க்கரில் கோடு போடுகிறோம், வளைந்த வேர் என்றால் ஒரே பல்லோடு குப்பைக்குப் போகும். வெள்ளிக்கிழமைக் கடைசி நேரத்தில் கடைவாய்ப் பல் கிடையாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஃபைல் உடைவது இந்த வேலையில் நடக்கக்கூடிய ஒன்று, அதை முன்கூட்டியே ஒப்புதல் படிவத்தில் எழுதி, அவருக்குப் புரியும் தமிழில் வாயாலும் சொல்லி, நடந்தால் கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுது. மறைத்துவிட்டு, அடுத்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து 'உள்ளே ஏதோ கம்பி இருக்கே' என்று சொன்னால் உன் பக்கம் நிற்க ஆள் இருக்காது. தொழில்முறை இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாயா? இந்த வாரமே எடு.

அசிஸ்டென்ட் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. என்ன செய்வது? (ஒரு டாக்டர், நாகர்கோவில்)

என்ன சம்பளம் தருகிறீர்கள் என்று எழுதவில்லையே டாக்டர்? பக்கத்து ஜவுளிக்கடையில் தருவதைவிடக் குறைவென்றால் அவர்கள் போவதுதான் நியாயம். என்னிடம் பிளஸ் டூ முடித்து வந்த பெண் 11 வருடமாக இருக்கிறாள், ஆட்டோகிளேவ் முழுக்க அவள் பொறுப்பு, 121 டிகிரியில் 15 நிமிடம் ஓடாத எதையும் என் கையில் தர மாட்டாள், நான் அவசரப்பட்டாலும். ஆனால் அவள் பிரசவத்துக்குப் போன அன்றைக்குத்தான் என் கிளினிக்கில் பஞ்சு எந்த டிராயரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பது தெரிந்தது. கம்ப்ரசரில் தினமும் தண்ணீர் வடிக்க வேண்டும் என்பதும் மறந்து, நாலாவது நாள் ஏர் பைப்பில் தண்ணீர். அவள் திரும்பி வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். அந்த நோட்டை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு பல் செய்தால் குறைத்துத் தருவீர்களா? (பெயர் வேண்டாம், திருச்சி)

இரண்டாவது பல்லிலும் வேர் முழுதாகத்தானே இருக்கிறது. முடியாதவர் என்று தெரிந்தால் நானே குறைப்பேன், தவணையாகவும் வாங்குவேன். பேரம் பேசினால் மாட்டேன்.

உடம்புக்கு முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

கிளினிக் மூடியிருக்கும், வாடகை ஓடும். 39 வயதில் கழுத்து எலும்பு ஜவ்வு பிதுங்கி ஆறு வாரம் படுத்தேன், அப்போது பாதி வேலையில் இருந்தவர்கள் ஏழு பேர். கூடப் படித்த ஒருத்தி தஞ்சாவூரிலிருந்து ஞாயிறுதோறும் வந்து என் சேரிலேயே ஏழு பேரையும் முடித்துக் கொடுத்தாள். இப்போது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம், ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி வருவாள். புதன் மத்தியானம் கிளினிக் கிடையாது. நீச்சலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் தூங்கிவிடுகிறேன்.

உங்கள் பல்லுக்கு யார் வைத்தியம்? (பள்ளி மாணவி, கரூர்)

அந்தத் தஞ்சாவூர்க்காரிதான். வலதுபக்கக் கீழ்க்கடைவாய்ப் பல், இரண்டு வருடம் 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று தள்ளி, ஒரு ராத்திரி வலி தாங்காமல் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ரூட் கெனால் அருமையாகச் செய்தாள். கேப்புக்கு லால்குடிப் பெரியவரிடம் போகச் சொல்லிக் கடிதமும் கொடுத்தாள், எத்தனை மில்லிமீட்டர் என்பது உட்பட. அது நாலு மாதம் முந்தி. கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது, முறுக்கை இடதுபக்கமாகக் கடித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை போக வேண்டும்.