மழையில பாருங்க, வெயில்ல பூசுங்க: வீட்டு வெளிச்சுவர் கேள்வி பதில்

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பிறந்தவன் நான். லயத்துச் சுவருக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவருக்கு, சுண்ணாம்பு அடிச்சுத்தான் கை பழகுச்சு. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல தாமான்ல, அதாவது குடியிருப்புப் பேட்டையில, இருக்கிற வீடுகளுக்குப் பூச்சு வேலை. வெளிச்சுவரை எப்போ பார்க்கணும், எப்போ கை வைக்கணும்னு இந்த வாரம் நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

அண்ணே, வருஷா வருஷம் தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது வெளிச்சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். தைப்பூசம் வர்றதுக்குள்ள கொப்புளம் கொப்புளமா எழும்புது. சாயம் மட்டமா?

சாயத்தைத் திட்டாதீங்க அக்கா, அடிக்கிற நேரம்தான் தப்பு. நம்ம பக்கம் மழை வருஷத்துல ரெண்டு தடவை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல், மே ஒரு தடவை, அக்டோபர், நவம்பர் இன்னொரு தடவை. தீபாவளி சரியா ரெண்டாவது உச்சத்துல வந்து உட்காருது. காலையில வெயில் அடிக்கும், சுவரைத் தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும். ஆனா உள்ளே பூச்சும் கல்லும் முந்தின நாள் சாயங்காலத்துத் தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். அது மேல சாயத்தைப் போட்டு மூடினா, வெயில் ஏறும்போது உள் ஈரம் வெளியே வரப் பார்த்து, வழி இல்லாம சாயத்தையே தூக்கும்.

இதை நான் ஏட்டுல படிச்சுச் சொல்லலை. என் சொந்த வீட்டுக்கே ஒரு தீபாவளிக்கு அவசர அவசரமா அடிச்சு, பொங்கலுக்கு வந்த சம்பந்தி முன்னால வெட்கப்பட்டேன். பூச்சுக்காரன் வீட்டுச் சுவர் அம்மை போட்ட மாதிரி நின்னுச்சு.

ஜூன், ஜூலை மழை குறையும். பிப்ரவரியும் பரவாயில்லை. பழுதை ஜூன்ல பாருங்க, சாயத்தை ஆகஸ்டுக்குள்ள முடிங்க. தீபாவளிக்குச் சுவரைக் கழுவி விட்டாலே போதும். சந்தேகமா இருந்தா ரெண்டு அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளைச் சுவர்ல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில உள்பக்கம் முத்து முத்தா நீர் கோத்திருந்தா, டப்பாவைத் திறக்காதீங்க.

ஜூலை பாதியில ஆடி வந்திடுதே? ஆடியில வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாதுன்னு மாமியார் ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க.

ஆனி கடைசியிலேயே உளியை ஒரு தட்டு தட்டிடுங்க தம்பி. ஆரம்பிச்ச வேலை ஆனிக் கணக்கு. நான் பாதிப் பேருக்கு அப்படித்தான் செஞ்சு கொடுத்திருக்கேன்.

சுவரைப் பாருங்க பாருங்கன்னு சொல்றீங்க. என்னத்தைப் பார்க்கிறது?

வருஷத்துக்கு ரெண்டு சுற்று. முதல் சுற்று நல்ல மழையில, இடி மின்னல் ஓய்ஞ்சதும் குடையைப் பிடிச்சுக்கிட்டு. தண்ணி எங்கே ஓடுதுன்னு மட்டும் பாருங்க. கூரைத் தண்ணியை வாங்குற பீலி நிரம்பி வழியுதா? ஜன்னலுக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிற சிமெண்டு விளிம்போட அடிப்பக்கத்துல ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கும். அதுல வந்து தண்ணி சொட்டிடணும். பத்து வருஷம் சாயம் அடிச்சு அடிச்சு அந்தப் பள்ளமே அடைஞ்சு போயிருக்கும். தண்ணி சொட்டாம அப்படியே சுவரோட இறங்கி ஜன்னல் சட்டத்துக்குள்ள போகும். ஒரு பழைய ஆணியால சுரண்டி விட்டா சரியாகிற கோளாறுக்கு, உள்சுவர் முழுக்கச் சாயம் மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

ரெண்டாவது சுற்று காய்ஞ்ச நாள்ல. சுத்தியலோட மரப்பிடியால சுவரை மெல்லத் தட்டிக்கிட்டே போங்க. கெட்டிச் சத்தம் வந்தா நல்லது. வெறும் டப்பாவைத் தட்டின மாதிரி கேட்டா, பூச்சு கல்லை விட்டுப் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். உள்ளங்கை அளவுன்னா பென்சிலால வட்டம் போட்டுத் தேதி எழுதி வைங்க. அடுத்த சுற்றுல வட்டத்தைத் தாண்டியிருந்தா கொத்தி எடுங்க. வாசலுக்கு மேலேயோ பிள்ளைங்க நடக்கிற வழிக்கு மேலேயோ இருந்தா, அளவு பார்க்காம உடனே எடுங்க. விழுந்தா மண்டை உடையும்.

பின்னால குசினியை (சமையலறையை) நீட்டிக் கட்டினோம். பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்ற இடத்துல மேலேருந்து கீழே வரை விரிசல். மூணு தடவை சிமெண்டு வச்சு அடைச்சாச்சு, மூணு தடவையும் திறந்துடுச்சு.

நாலாவது தடவை அடைச்சாலும் திறக்கும். தாமான்ல பத்து வீட்டுல ஏழு வீட்டுக்காரர் இதைத்தான் கேட்கிறார். பழைய வீடு எப்பவோ மண்ணுல இறங்கி உட்கார்ந்து முடிச்சிருச்சு. புதுசா நீட்டின பகுதி அதோட தனி அஸ்திவாரத்துல இப்பத்தான் உட்காருது, அதுவும் பெரும்பாலும் ஆழம் கம்மியான அஸ்திவாரம். நம்ம ஊருல ஈயம் தோண்டின பழைய லம்போங் (சுரங்கம்) மண்ணுன்னா இன்னும் மோசம். ரெண்டும் தனித்தனி வீடு. கையைக் கட்டிப் போட்டா இழுத்துக்கிட்டுத்தான் நிற்கும்.

அதனால அந்த இடத்தைச் சேர்க்காதீங்க. நேர்கோடா அரை அங்குலம் வெட்டி, தூசியைத் துடைச்சு, ரப்பர் மாதிரி இழுபடுற பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட், அதாவது இடைவெளி அடைக்கிற பசை, போடுங்க. சாதாரண சிலிகான் வேணாம், அது மேல சாயம் ஒட்டாது. தரையும் சாய்ஞ்சு, கதவும் இறுக ஆரம்பிச்சிருந்தா அது பூச்சுக்காரன் வேலை இல்லை. பொறியாளரைக் கூப்பிடுங்க. செங்கல் வரிசையில படிக்கட்டு மாதிரி ஏறுற விரிசலுக்கும் அதே பதில்தான்.

வெயில்ல சிலந்தி வலை மாதிரி தெரியுற மயிர் விரிசலுக்கு இவ்வளவு பயம் வேணாம். பூச்சு சீக்கிரமா காய்ஞ்சு சுருங்கினதோட அடையாளம் அது.

சிமெண்டு கூடப் போட்டா பூச்சு பலமா நிக்கும்னு கொத்தனார் சொல்றாரே?

அவர் பேச்சைக் கேட்காதீங்க. சிமெண்டு ஏற ஏறச் சுருக்கமும் ஏறும், விரிசலும் ஏறும். ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு சுத்தமான மணல். உள்ளே இருக்கிற கல்லை விடப் பூச்சு முரட்டுத்தனமா இருக்கக் கூடாது. ஒட்டுப் போட்ட இடத்துக்கு ஒரு வாரம் தண்ணி தெளிங்க. ஜூன் வெயில்ல காலையும் மாலையும் தெளிக்கணும். நாலு வாரம் கழிச்சு, சிமெண்டோட காரத்தைத் தாங்குற அடிப்பூச்சு (பிரைமர்) அடிச்சு, அப்புறம்தான் சாயம்.

வடக்குப் பக்கச் சுவர்ல துரு மாதிரி செம்மஞ்சள் கறை. உள்ளே கம்பி துருப்பிடிக்குதா?

பெரும்பாலும் இல்லை. ஈரமான சுவர்ல வளர்ற பாசி அது. இனத்தால பச்சைப் பாசிதான், ஆனா உடம்புல இருக்கிற செம்மஞ்சள் நிறமியால துரு மாதிரி தெரியும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து தடவி, கால் மணி நேரம் கழிச்சு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க. பிளீச்சோட ஆசிட் எதையும் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும். வாட்டர் ஜெட்டைக் கிட்ட வச்சு அடிச்சா விரிசலுக்குள்ள தண்ணியை நீங்களே ஏத்துற மாதிரி. கறை ஒரே கோடா, பூச்சும் புடைச்சு வந்தா மட்டும் கம்பியைச் சந்தேகப்படுங்க.

புது வீடு, சாவி வாங்கி ஒண்ணரை வருஷம் ஆகுது. பூச்சு பல இடத்துல டொப்பு டொப்புன்னு கேட்குது.

வீட்டைக் கட்டி வித்த மேம்பாட்டு நிறுவனத்துக்கு இப்பவே எழுத்துல கொடுங்க. சாவி ஒப்படைச்ச நாள்லேருந்து 24 மாசம் வரைக்கும் குறையைச் சரி செய்றது அவங்க பொறுப்பு. எழுதிக் கொடுத்த 30 நாளுக்குள்ள செய்யணும். வாயால சொன்னது கணக்குல வராது. படம், தேதி, வாங்கிக்கிட்ட கையெழுத்து மூணும் வைங்க. அதுக்கு முன்னால நீங்களே ஆள் வச்சு ஒட்டுப் போட்டா அப்புறம் பேச்சு வளரும்.

அமெரிக்காவுல இருக்கிற மகன், ‘சுவருக்குள்ள மரம் உளுத்திருக்கும், துளை போட்டுப் பாருங்க’ன்னு பயமுறுத்துறான்.

அங்கே நிறைய வீட்டுக்கு மரச்சட்டம்தான் எலும்பு. அது மேல தாள், கம்பி வலை, அப்புறம் பூச்சு. உள்ளே போன தண்ணி மரத்தை உளுக்க வைக்கும், அதனால அவன் சொல்றது அங்கே சரி. உங்க வீடு செங்கல் ஐயா. துளை போடாதீங்க.

சுவர் ஓரமா பூச்செடிக்கு மண் கொட்டியிருக்கேன். அடிப்பக்கம் பூச்சு மாவு மாதிரி உதிருது.

மண்ணு வழியா ஈரம் மேல ஏறி, உப்பை வெளியே தள்ளுது. மண்ணைச் சுவரிலிருந்து ஒரு அடி விலக்கி, நாலு அங்குலமாவது வெறும் சுவர் தெரியுற மாதிரி இறக்குங்க. அப்போ விரல் பருமன்ல மண் குழாய் ஏதாவது ஏறியிருக்கான்னும் பாருங்க, கரையான் வர்ற பாதை அதுதான். கறிவேப்பிலை மரத்தை வெட்டச் சொல்லலை அக்கா, கிளை சுவர்ல உரசாம கழிச்சு விடுங்க, போதும்.